சும்மா உட்கார்ந்திருந்தவர்கள்

ஓசூர்
4 டிசம்பர் 2025

அன்புள்ள பிரவீனா,

இப்போது யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று நீ சிரிப்பாய். சிரித்தால் நல்லதுதான். கூப்பிடாமல் உன் வீட்டு வாசலில் வந்து நிற்பது போல இருக்கிறது. அதற்கு முதலில் மன்னித்துவிடு. நீ என் எண்ணை பிளாக் செய்துவிட்டாய் என்று ஒப்புக்கொள்ளவே எனக்கு நாளாயிற்று. வேப்பனப்பள்ளிப் பக்கம் டவர் கிடைக்காது என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டிருந்தேன். பிறகு ஹாஸ்டலில் ஜெயப்ரியாவின் போனிலிருந்து அடித்தேன். முதல் ரிங்கிலேயே எடுத்து, "சொல்லுடி ஜெயா" என்றாய். என் குரல் கேட்டதும் வைத்துவிட்டாய். டவர் நன்றாகத்தான் இருக்கிறது.

ஹெச்.ஆர். அறைக்குள் என்ன நடந்தது என்று நீ யார் யாரிடமோ கேட்டிருப்பாய். என்னிடமும் ஒருமுறை கேட்டுக்கொள்.

கேன்டீன் சாம்பாரில் புழு கிடந்த வீடியோ வெளியே போனதிலிருந்து, கம்பெனிக்குள் போன் கொண்டுவந்தது யார் என்று தேடிக்கொண்டிருந்தார்கள் அல்லவா? டீ இடைவேளை முடிந்து பெல் அடித்த பிறகும் நீ கேன்டீனுக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டியருகே உட்கார்ந்திருந்தது கேமராவில் பதிவாகியிருந்தது. அதனால் உன்மேல் சந்தேகம். நான் உன் அறையில் தங்குகிறவள் என்பதால் ஹெச்.ஆர். சௌமியா மேடம் என்னைக் கூப்பிட்டார்.

"பிரவீனா கையில போன் இருந்துச்சா?"

"இல்ல மேடம். அவ ஒண்ணும் பண்ணல. சும்மாத்தான் உக்காந்துனு இருந்தா."

"சும்னே உக்காந்திருந்தாளா?"

"ஆமா மேடம், சும்மாத்தான்."

அவர் ஆனேக்கல்காரர். அந்தச் சொல் அவருடைய கன்னடத்திலும் ஏறக்குறைய அப்படியேதான் இருக்கிறது. தலையை ஆட்டினார். புரிந்துகொண்டார் என்று நினைத்தேன். பிறகு ஆங்கிலத்தில் அடித்த ஒரு தாளை நீட்டினார். உன்னிடம் போன் இல்லை என்று அதில் இருந்தது. நீ "ஐடில்" ஆக இருந்தாய் என்றும் இருந்தது. மெஷின் ஓடாமல் நின்றால் நம் லைன் போர்டில் எழுதுவார்களே, அந்த ஐடில். அதைப் படித்தபோது எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. கையெழுத்துப் போட்டேன். உன்னைக் காப்பாற்றிவிட்டேன் என்ற நினைப்பில் வெளியே வந்து, உன்னைத் தேடி லைனுக்கு ஓடிவந்தேன்.

மறுநாள் வீடியோ பழியிலிருந்து உன்னை விட்டுவிட்டு, வேலை நேரத்தில் வேலை செய்யாமல் இருந்ததற்காக சஸ்பெண்ட் செய்தார்கள். லைன் லீடர் பயிற்சிப் பட்டியலிலிருந்து உன் பெயரையும் எடுத்தார்கள்.

பிரவீனா, அந்தச் சொல்லை நான் ஒரு குறையாகச் சொல்வேனா? நாம் பேச ஆரம்பித்ததே அந்தச் சொல்லால்தானே? ஹாஸ்டலுக்கு வந்த புதிதில், நாலாம் வகுப்பில் நான் படித்த எருமை, கொக்கு கதையை உன்னிடம் சொன்னேன். ஏரி வற்றுகிறது. பூச்சி இல்லை, மீன் இல்லை. மற்றக் கொக்குகள் எல்லாம் பறந்துபோகின்றன. ஒன்று மட்டும் எருமை முதுகிலேயே நிற்கிறது. "இங்கதான் திங்க ஒண்ணும் இல்லியே, ஏன் நிக்கற?" என்று எருமை கேட்கிறது. "சும்மா" என்கிறது கொக்கு. நான் முடிக்கும் முன்பே நீ எழுந்து உட்கார்ந்து, "எங்க ஸ்கூல்லயும் இருந்துச்சுடி இந்தக் கதை! தெலுங்கு புக்குல. அதுல கொக்கு ஊரிகே அப்படின்னு சொல்லும்" என்றாய்.

கல்லூரியில் இதைப் பற்றி நான் கட்டுரை எழுதியிருக்கிறேன். வேலையில் ஆயிரம் பேர் பக்கத்தில் இருப்பார்கள், ஒரு பயனும் இல்லாத நேரத்தில் பக்கத்தில் இருப்பவரே நண்பர், ஓய்வுதான் நட்புக்கு உரைகல் என்று எழுதினேன். நீ அதைக் கேட்டுவிட்டு, "உன் கொக்குக்கு ஷிப்ட் இல்லடி, பி.ஏ." என்றாய்.

நான் சொன்ன சும்மா அந்தச் சும்மாதான். பதில் எழுது. திட்டியாவது எழுது.

மாதேஸ்வரி


கே. திப்பனப்பள்ளி அருகில்
9 டிசம்பர்

மாதேஸ்வரிக்கு,

அன்புள்ள என்று எழுதி அடித்துவிட்டேன். அடித்தது தெரிகிறதா? தெரியட்டும்.

போனில் பேசினால் நீ அழுவாய். நீ அழுதால் நான் விட்டுக்கொடுத்துவிடுவேன். அதனால்தான் பிளாக் செய்தேன். கடிதத்தில் உன் அழுகைச் சத்தம் வராது. ஆகவே கடிதமே வசதி.

ஐடில் விஷயம் எனக்குப் புரிந்தது. நீ நல்லதாக நினைத்துச் சொன்னதை அவர் மெஷின் கணக்கில் எழுதிக்கொண்டார். அதற்கு எனக்குக் கோபம் இல்லை. மூன்று பாஷை பேசுகிற ஊரில் ஒரு வார்த்தை தவறிப்போவது புதிதா? எங்கள் அப்பா கர்நாடகத்து மாலூர் சந்தையில் தினம் இதைவிடப் பெரிய தவறு செய்துவிட்டு வருகிறார்.

ஆனால் நீ ஒன்றை எழுதாமல் விட்டுவிட்டாய். சார்ஜ் ஷீட்டோடு உன் வாக்குமூலமும் எனக்கு வந்திருக்கிறது. போன் இல்லை என்பது உனக்கு எப்படித் தெரியும் என்று அவர் கேட்டிருக்கிறார். நீ, "பார்த்தேன்" என்று சொல்லியிருக்கிறாய்.

பார்த்தாயா? எங்கே நின்று பார்த்தாய்?

நான் சொல்கிறேன். அன்று டீ நேரத்தில் கேட் செக்யூரிட்டி வந்து, ஊரிலிருந்து உனக்குப் போன் வந்ததாகச் சொன்னார். விளைச்சலில் பங்கு பேசி வாரத்துக்கு எடுத்த நிலத்தில் கேழ்வரகை யானைக்கூட்டம் மிதித்துவிட்டது, விரட்டப்போன உன் அப்பா விழுந்து கால் முறிந்துவிட்டது என்று. நீ டம்ளரோடு தொட்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்தாய். நான் உன் பக்கத்தில் உட்கார்ந்தேன். பெல் அடித்தது.

"போடி, பெல் அடிச்சிடுச்சு" என்றாய்.

"அடிக்கட்டும்" என்றேன்.

அவ்வளவுதான் நாம் பேசியது. கேமராவில் தொட்டி உன்னை மறைத்துவிட்டது. என்னை மறைக்கவில்லை. உன் தோளில் இருந்த என் கைகூட அதில் பாதிதான் தெரிகிறதாம். "பார்த்தேன்" என்ற இடத்தில் "பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்" என்று சொல்லியிருந்தால், நான் எதற்காக உட்கார்ந்திருந்தேன் என்று அவர் கேட்டிருப்பார். நீ ஒரு வார்த்தையை மாற்றினாய். அவர் ஒரு வார்த்தையை மாற்றினார். இரண்டுக்கும் நடுவில் நான் வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன்.

உன் கதைப் புத்தகத்தை ஞாபகப்படுத்திப் பார். கடைசிக்கு முந்தின பக்கத்தில் மேய்க்கிறவன் கம்போடு வருவான். தண்ணீர் இல்லாத ஏரியில் ஏன் படுத்திருக்கிறாய் என்று எருமையை அடிப்பான். அந்தப் படத்தில் கொக்கு எங்கே இருந்தது? வானத்தில் இருந்தது. காகிதத்தின் ஓரத்தில், சின்னதாக, கால் இரண்டையும் நீட்டிக்கொண்டு. கல்லூரிக் கட்டுரையில் அந்தக் கொக்கைப் பற்றி எழுதினாயா?

வீட்டில் அப்பா, "பொட்டப்புள்ளய கம்பெனிக்கு அனுப்பாதன்னு அன்னைக்கே சொன்னேன்" என்று அம்மாவிடம் சொல்கிறார். எனக்குக் கேட்க வேண்டும் என்று என் பக்கம் திரும்பிச் சொல்கிறார். அம்மா, "அவ என்ன திருடினாளா? உக்காந்தா. உக்காந்தது ஒரு குத்தமா?" என்கிறாள். என் பக்கம் பேசுவது எங்கள் அம்மா மட்டும்தான். அவள் கம்பெனியைப் பார்த்ததே இல்லை.

பிரவீனா


ஓசூர்
13 டிசம்பர்

அன்புள்ள பிரவீனா,

நீ அடித்த சொல் தெரிந்தது. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் படித்தேன். அடிப்பதற்கு முன் அதை முழுதாக எழுதியிருக்கிறாய் என்பதே எனக்குப் போதும்.

ஆமாம். "பார்த்தேன்" என்றுதான் சொன்னேன். அதைச் சொல்லும்போது யோசித்துச் சொல்லவில்லை என்று உன்னிடம் சாதிக்கலாம். அது பொய்யாகிவிடும். ஒரு நொடி யோசித்தேன். ஜனவரியில் என் பயிற்சிக்காலம் முடிகிறது, வேலை நிரந்தரம் என்று கன்ஃபர்மேஷன் வர வேண்டும். அப்பா காலில் கம்பி வைத்துப் படுத்திருக்கிறார், அடுத்த போகத்துக்கு நிலம் கிடைக்குமா என்று தெரியாது. இதெல்லாம் அந்த ஒரு நொடிக்குள் வந்தது. எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான், முதலில் ஏ.சி. அறைக்குள் உட்கார்ந்தவளும் நான். அந்த அறையில் யாராவது கேள்வி கேட்டால், கேட்டதற்கு மேல் ஒரு சொல்கூட எனக்கு வராது. வகுப்பிலும் அப்படித்தான். இது சாக்கு என்று நீ சொல்வாய். சாக்குதான். ஆனால் பொய்யில்லை.

கொக்கைப் பற்றி நீ சொன்னது சரி. என் கட்டுரையில் அந்தப் படம் இல்லை. மத்தியான வேளையில் அது எவ்வளவு அழகாக நின்றது என்று மட்டும் எழுதினேன். சும்மா நிற்பது சுலபம். கம்பு வரும்போது நிற்பதைப் பற்றி அப்போது எனக்கு எதுவும் தெரியாது.

ஆனால் உன்னிடமும் எனக்கு ஒரு குறை இருக்கிறது. இதை எழுதலாமா என்று தெரியவில்லை, எழுதிவிடுகிறேன். சஸ்பெண்ட் தாள் வாங்கிய அன்று நீ நேராக பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டாய். பெட்டியைக்கூட எடுக்க வரவில்லை. ஷிப்ட் முடிந்து நான் அறைக்கு வந்தபோது உன் துவைத்த துணிகள் கொடியில் அப்படியே இருந்தன. என்னிடம் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். "ஏண்டி இப்படிச் சொன்ன?" என்று கேட்டிருந்தால், அன்றே மறுபடி உள்ளே போயிருப்பேனோ என்னவோ. கேட்காமலே தீர்ப்பு எழுதிவிட்டாய். அவர்கள் உனக்குச் செய்ததைத்தானே நீ எனக்குச் செய்தாய்?

இன்னொன்று. இந்த வேலை போனால் உனக்குத் திரும்பிப் போக ஒரு மாந்தோப்பு இருக்கிறது. எனக்கு அடுத்தவர் நிலத்தில் யானை மிதித்த மண்தான் இருக்கிறது. நம் இருவருக்கும் பயம் ஒரே அளவாக இருக்க முடியாது.

எழுதியதைத் திரும்பப் படிக்கவில்லை. படித்தால் அனுப்பமாட்டேன்.

மாதேஸ்வரி


17 டிசம்பர்

மாதேஸ்வரி,

நல்ல வேளை, நீ திரும்பப் படிக்கவில்லை. உன் மனதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது.

தோப்பு இருக்கிறதாம். அந்தத் தோப்பு என் அண்ணன் தங்கதுரை பேரில் வரப்போகிறது. எனக்கு என்ன இருக்கிறது தெரியுமா? மாலூரில் ஒரு மாப்பிள்ளை. ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். லாரி ஓட்டுகிறவர், கெட்டவர் போலத் தெரியவில்லை. அவருடைய அம்மா, "கம்பெனில இருந்து ஏன் நின்னுட்டா?" என்று கேட்டார். அப்பா, "வேலை புடிக்கலன்னு வந்துட்டா" என்றார். எனக்கு வேலை பிடிக்கவில்லையாம்! பாகத்தில் இருக்கும் ஒரு கீறலை லென்ஸ் வைத்தும் மற்றவர்கள் தவறவிட்டால் அதை நான் பிடிப்பேன். அந்த லைனில் அதற்கு ஒரு பேர் எனக்கு இருந்தது. லைன் லீடர் ஆனால் நம் பெண்களுக்கு பாத்ரூம் போக டோக்கன் கேட்கிற வழக்கத்தை நிறுத்துவேன் என்று சொன்னேனே, அது எனக்கு விளையாட்டுப் பேச்சு இல்லை.

போன வாரம் ஹெச்.ஆரிலிருந்து போன். சௌமியா மேடமே பேசினார். ரொம்ப அன்பாகப் பேசினார். "சுமக்க முடியாத வெயிட் ஏம்மா தூக்கற? ராஜினாமா குடுத்துடு. எக்ஸ்பீரியன்ஸ் சர்டிபிகேட்ல ஒண்ணும் எழுத மாட்டோம்" என்றார். கொடுக்கவில்லை என்றால் 29ஆம் தேதி திங்கட்கிழமை விசாரணை. அதில் குற்றம் நிரூபணமானால் டிஸ்மிஸ், எந்த சர்டிபிகேட்டும் கிடையாது.

அண்ணன் ராஜினாமாவை எழுதித் தயாராக வைத்துவிட்டான். நான் கையெழுத்துப் போடுவதுதான் பாக்கி. இரண்டு முறை பேனாவை எடுத்தேன். இரண்டு முறையும் அம்மா சோறு போட்டுவிட்டுக் கூப்பிட்டாள்.

விசாரணை நோட்டீஸில் கடைசியில் ஒரு வரி இருக்கிறது. என் தரப்பில் சாட்சி இருந்தால், அவர்கள் பெயரை நான் முன்கூட்டியே எழுத்துமூலம் தர வேண்டுமாம். அதைப் படித்துவிட்டு சிரித்தேன். எனக்கு யார் சாட்சி? தண்ணீர்த் தொட்டியா?

29ஆம் தேதி வருவதாக இல்லை. அதற்கு முன்பே கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுவேன் என்று நினைக்கிறேன். என் பெட்டியையும் கொடியில் இருந்த துணிகளையும் குருபரப்பள்ளி பஸ்ஸில் போட்டுவிடு. அண்ணன் இறக்கிக்கொள்வான்.

உன் அப்பா கால் எப்படி இருக்கிறது? இதற்குப் பதில் எழுது. மற்றதற்கு வேண்டாம்.

பிரவீனா


ஓசூர்
21 டிசம்பர்

அன்புள்ள பிரவீனா,

அப்பா கம்பு ஊன்றி வாசல்வரை நடக்கிறார். வனத்துறைக்கு நஷ்டஈடு மனு எழுதிக் கொடுத்தேன். "எம் பொண்ணு எழுதினது" என்று அந்தத் தாளைப் பார்க்கிறவர்களிடமெல்லாம் காட்டுகிறாராம். நீ கேட்டாய் என்று சொன்னேன். "அந்த வேப்பனப்பள்ளிப் பொண்ணு நல்லாக்கீதா?" என்று கேட்டார். நல்லா இருக்கிறாள் என்று சொல்லிவிட்டேன்.

மற்றதற்குப் பதில் வேண்டாம் என்றாய். இந்த ஒருமுறை உன் பேச்சை மீறுகிறேன்.

தோப்பைப் பற்றி எழுதியது தப்பு. உன் வீட்டுக்குள் உனக்கு என்ன இருக்கிறது என்று நான் கேட்டதே இல்லை. எத்தனையோ டீ இடைவேளையில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தும் கேட்கவில்லை. நீ பேசுவாய், நான் கேட்டுக்கொண்டிருப்பேன், அதனால் எல்லாம் தெரியும் என்று நினைத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை சௌமியா மேடத்தைப் பார்க்கப் போனேன். யாரும் கூப்பிடவில்லை. நானாகத்தான் போனேன். கதவுக்கு வெளியே நின்று, சொல்ல வேண்டியதை வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். செக்யூரிட்டி அண்ணன் என்னைப் பார்த்து, "ஏம்மா, சாமி கும்புடறியா?" என்றார்.

உள்ளே போய், "மேடம், நான் சொன்ன வார்த்தை தப்பா எழுதியிருக்கு" என்றேன்.

"எந்த வார்த்தை?"

"சும்மா. நான் சொன்னது, அவ ஒரு தப்பும் பண்ணலன்னு. நீங்க ஐடில்னு எழுதிட்டீங்க."

அவர் லேப்டாப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "சும்னே அந்தரே, சும்மான்னா, ஐடில்தானேம்மா? வேற என்ன? நீதானே படிச்சு சைன் பண்ணே? நீ டிகிரி ஹோல்டர் அல்வா, இல்லியா?"

"இன்னொண்ணும் இருக்கு மேடம். நான் அவளப் பாக்கல. நானும் அவ பக்கத்துலதான் உக்காந்துனு இருந்தேன். பெல் அடிச்ச பிறகும். எங்கப்பாவுக்கு அடிபட்ட சேதி வந்துச்சு. என்னால எழுந்திருக்க முடியலன்னுதான் அவ உக்காந்தா."

அப்போதுதான் அவர் என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. களைப்பாக இருந்தது அந்த முகம். லேப்டாப்பை மூடினார்.

"இதை நான் கேக்கல. நீயும் சொல்லல. ஜனவரில உனக்கு கன்ஃபர்மேஷன் இருக்கு, கொத்தா, தெரியும்ல? போய் லைன பாரு."

"எழுதிக்குங்க மேடம்."

"ஸ்டேட்மென்ட் குளோஸ் ஆயிடுச்சு. இனிமே நான் எழுத முடியாது. போம்மா."

வெளியே வந்தேன். லைனுக்கு வந்து லென்ஸைப் பிடித்தால் எல்லாப் பாகத்திலும் கீறல் இருப்பது போலவே தெரிந்தது. அன்று நல்ல பாகங்களையெல்லாம் ரிஜெக்ட் டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தேன். ஜெயப்ரியா பார்த்துவிட்டு எடுத்து வைத்தாள்.

அந்தக் கதையை இனி யாருக்கும் உதாரணம் சொல்லமாட்டேன். அதில் கொக்கு பறந்துபோனதற்கும் திரும்பி வந்ததற்கும் ஒரு விலையும் கொடுக்கவில்லை. அடுத்த பக்கத்தில் ஏரி நிறைந்துவிடும், இரண்டும் சந்தோஷமாக இருக்கும். எழுதியவருக்கு அவசரம். கம்பால் அடிபட்ட எருமை, திரும்பி வந்த கொக்கைப் பார்த்து என்ன சொன்னது என்று ஒரு வரிகூட இல்லை. உன் கடிதங்களில்தான் அது இருக்கிறது. அதனால் அவற்றை நான் தலையணைக்குக் கீழே வைக்கவில்லை, கண்ணுக்கு எதிரே வைத்திருக்கிறேன்.

உன் துணிகளை மடித்து வைத்திருக்கிறேன். பெட்டியை பஸ்ஸில் போடவில்லை. வேண்டுமென்றுதான் போடவில்லை. நீ திட்டுவாய் என்று தெரியும்.

கன்ஃபர்மேஷன் வராமல் போகலாம் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன். ஏன் என்று போனில் கேட்டார், நடந்ததைச் சொன்னேன். பிறகு, "அந்தப் பொண்ணுக்கு வேல போனதுக்கு நாம காரணமா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "அப்ப என்னாத்துக்கு என்னக் கேக்கற?" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். கோபமா, சம்மதமா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

இதைக் கேட்கத்தான் எழுத ஆரம்பித்தேன். இவ்வளவு நேரம் சுற்றிவிட்டேன். கேட்கிற உரிமை எனக்கு இல்லை என்பதால்தான்.

விசாரணை அறைக்குள் நானாகப் போக முடியாது. கம்பெனி என்னைக் கூப்பிடாது. அவர்களிடம் என் கையெழுத்து ஏற்கெனவே இருக்கிறது. நீ கூப்பிட்டால்தான் அந்தக் கதவு எனக்குத் திறக்கும். நான் உள்ளே வந்து நன்றாகப் பேசுவேன் என்று உனக்கு வாக்குக் கொடுக்கவில்லை. குரல் நடுங்கும், ஒருவேளை அழுதும்விடுவேன். ஆனால் எங்கே உட்கார்ந்திருந்தேன் என்று சொல்லிவிடுவேன். எதிரே நீ இருந்தால் சொல்லிவிடுவேன்.

தங்கதுரை அண்ணன் எழுதிய தாளில் கையெழுத்துப் போடாதே. வேறு ஒரு தாள் எடு. உன் சாட்சி என்று என் பெயரை எழுதி அனுப்பு, பிரவீனா.

மாதேஸ்வரி